ஒற்றக்காவின் வாயில் வராத சொல்

அலுவலகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அங்கேயும் அதைத் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள், அவளே திருத்திக்கொண்டாள்.

ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. பக்கம் அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் படித்துப் பிழை களைகிறவள். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. க், ச், த், ப் என்று இரண்டு சொல்லுக்கு நடுவே வரவேண்டிய ஒற்றெழுத்து எங்கே விட்டுப்போனாலும் சோற்றில் கல் கடிபட்டதுபோல அவள் முகம் சுளிக்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவரிடம் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே "இங்க ஒரு ப் போடணுமே" என்று சொன்னவள். அவர் பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கு இவளும் போகவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனைக் கேட்க வேண்டுமா? அவர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரு பார்வையில் படித்துவிடுகிற மனுஷன், மனைவிக்கு ஒரு சீட்டு எழுதுவதென்றால் வேர்த்துப்போவார். எங்கே ஒற்றை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவைப்பார். "நான் வந்தப் பிறகு சாப்பிடலாம்", "என்னுடையக் கண்ணாடி எங்கே" என்று குளிர்பதனப்பெட்டி மேல் ஒட்டிவைப்பார். குறைந்தால்தானே திட்டு, கூடினால் என்ன என்பது அவர் கணக்கு. கூடினாலும் பிழைதான் என்று அவள் இருபத்தேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அந்த வருடம் ஒரு சட்டத்திருத்தம் பேச்சுக்கு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் ஏற்கலாமா கூடாதா என்பதுதான் விஷயம். வாசகர் கடிதப் பக்கத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. பொறுப்பாசிரியை, ஒற்றக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவள், பக்கத்தை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் 'வரவேற்கிறோம்'. வலப்பக்கம் 'வருந்துகிறோம்'. தராசு மாதிரி இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பக்கம் வடிவமைக்கிறவருக்குக் 'கட்டம்' என்று பட்டப்பெயர், எதைக் கொடுத்தாலும் "கட்டத்துல அடங்குமா?" என்று கேட்பார். அவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

பொறுப்பாசிரியை ஒரு சொற்பட்டியலும் கொண்டுவந்து ஒற்றக்காவின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். ஒரு பக்கம் எழுதக்கூடாத சொல், எதிரே எழுத வேண்டிய சொல். 'ஓரினச்சேர்க்கை' வேண்டாம், 'தன்பாலீர்ப்பு' என்று போடவும். 'நோய்', 'பழக்கம்', 'கோளாறு' வந்தால் அடித்துவிடவும். 'இயற்கைக்கு மாறான' என்பதைக் கடிதக்காரரின் சொல் என்று தெரியும்படி மேற்கோள் குறிக்குள் போடவும்.

"ஏம்மா, ஓரினச்சேர்க்கைல என்ன தப்பு? எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே?" என்றாள் ஒற்றக்கா.

"சேர்க்கைன்னா படுக்கைய மட்டும்தான்க்கா சொல்லுது. ஈர்ப்புன்னா மனசையும் சேத்துச் சொல்லுது."

ஒற்றக்கா தலையாட்டினாள். புரிந்ததா என்றால் அரைகுறைதான். ஆனால் பட்டியல் என்று வந்துவிட்டால் அவள் கை நிற்காது. முதல் வாரமே ஒரு குளறுபடி செய்துவைத்தாள். நாற்பது கடிதத்தில் ஒவ்வொன்றாய் மாற்றுவானேன் என்று கட்டத்திடம், "சேர்க்கைன்னு வர்ற எடத்துல எல்லாம் ஈர்ப்புன்னு மாத்திடுங்க, கம்ப்யூட்டர்தான மாத்தப்போகுது" என்றாள். அவர் கடிதப் பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் பரவாயில்லை. இதழ் முழுவதையும் மாற்றிவிட்டார். மறுநாள் 'கல்லூரிகளில் மாணவர் ஈர்ப்பு இன்று தொடக்கம்' என்று தலைப்புச் செய்தி வந்தது. ஒரு கட்சியின் உறுப்பினர் சேர்க்கை முகாம் 'உறுப்பினர் ஈர்ப்பு முகாம்' ஆகிவிட்டது. கல்லூரி முதல்வர் தொலைபேசியில் குதித்தார். கட்சிக்காரர்கள் குதிக்கவில்லை, அடுத்த சுவரொட்டியில் அவர்களே அப்படிப் போட்டுக்கொண்டார்கள்.

அவளுக்கென்று இந்த விஷயத்தில் கருத்து ஏதும் இருந்ததா என்றால், இருந்தது. எல்லோருக்கும் இருப்பதுபோல, யோசிக்காமலே இருந்தது. 'வருந்துகிறோம்' பக்கத்தைத் திருத்தும்போது அவள் தலை தானாக ஆடும். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டே "காலம் கெட்டுப்போச்சுங்க" என்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். செய்தி கேட்கிற மும்முரம் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மகன் கூப்பிட்டான்.

ஒரே மகன். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஒரு ஊரில் மின்தூக்கி பழுது பார்க்கிறவன். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு, மாடிப்படியில் நின்று பேசினாள். வேலை எப்படி, இருமல் போச்சா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு அவன் சொன்னான்.

"அம்மா, தெனமும் ஒரு சொல்ல அடிச்சு அடிச்சு மாத்துறேன்னு சொன்னியே."

"எது?"

"கடிதப் பக்கத்துல."

"ஆமா, அதுக்கென்ன?"

"அது நான்தாம்மா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இவனும் கடிதம் எழுதுகிறானோ என்றுதான் நினைத்தாள். "எந்தச் சொல்லுடா?" என்றாள்.

"நீயே சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. அடித்த சொல்லுக்கு மேலே ஆயிரம் தடவை சிவப்பு மையில் எழுதிய சொல். எழுத்தெண்ணிச் சொல்வாள், எங்கே பிரிக்கலாம் எங்கே பிரிக்கக்கூடாது என்று சொல்வாள். ஆனால் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை என்பது அந்தப் படியில் நிற்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அவன் காத்திருந்துவிட்டு மெதுவாகப் பேசினான். நாலு வருடமாக ஒருவன் இருக்கிறானாம். ஒரே அறையில் தங்கியிருக்கிற கண்ணாடிக்கடைப் பையன் என்று அவளுக்கும் தெரிந்தவன்தான். தீயாக வேலை செய்வான், சமைப்பான் என்று மகனே சொல்லியிருக்கிறான். "அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். அப்பாகிட்ட நீ முன்னாடியே சொல்லிடு. நான் சொன்னா அவரு மொகத்த நான் பாக்கணும், என்னால முடியாது. உன்னால சொல்ல முடியலன்னா பரவால்லம்மா. வரல, அவ்ளோதான். இனிமே பொய் சொல்லிக்கிட்டு வர்றதா இல்ல."

"வரலன்னா... எப்ப வருவ?"

"வரலன்னா வரலம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது திட்டியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னான். போன வருடமும் இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவன். இவன் வரமாட்டேன் என்றால் வரமாட்டான், அப்பாவின் பிடிவாதம் அப்படியே.

அன்று மாலை அலுவலகத்தில் இருந்து வீட்டுக்கு நடந்துதான் போனாள். வழியெல்லாம் வாக்கியம் அமைத்துப் பார்த்தாள். ஒரு வாக்கியம்தானே, எவ்வளவோ பேருடைய கோணல் வாக்கியத்தையெல்லாம் நிமிர்த்தியவள். 'நம்ம பையன் ஓரினச்சேர்க்கையாளன்' என்று ஆரம்பித்தால் வேதியியல் பாடம் மாதிரி இருந்தது, பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இல்லை. 'தன்பாலீர்ப்பாளர்' என்றால் அவர் "எந்தப் பால்?" என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். 'அவன் அந்த மாதிரி' என்றால் "எந்த மாதிரி?" என்பார். மருந்துக்கடைக்காரருக்கு மாதிரி என்றால் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரை. 'அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்ல' என்றால் சாமியாராகப் போகிறானோ என்று பயந்துவிடுவார். பொறுப்பாசிரியையின் பட்டியலில் இதற்கு ஒரு வரி இல்லை. ஊருக்குச் சொல்ல வேண்டிய சொல் இருந்தது. புருஷனுக்குச் சொல்ல வேண்டிய சொல் இல்லை.

மூன்றாம் நாள் காலை, அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம பையன் வந்து..."

"என்ன, வேல போச்சா?"

"இல்ல."

"ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப நல்லாத்தான இருக்கான்?"

அவள் யோசித்தாள். "ஆமா. நல்லாத்தான் இருக்கான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் போன வேகம், தீப்பிடித்த வீட்டைவிட்டு ஓடுகிறவர் மாதிரி இருந்தது. மேல்பொத்தானைப் போடவே இல்லை.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, பிள்ளைமேலா, தன்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை தப்புச் செய்கிறானா? அதுவும் தெரியவில்லை. நேற்றுவரை தெரிந்திருந்தது. இன்று பட்டியலைப் பார்த்தால் பட்டியல் சரி, கடிதத்தைப் படித்தால் கடிதம் சரி, அவன் குரலை நினைத்தால் இரண்டும் எங்கோ போய்விடுகின்றன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

அந்த இரண்டு வாரமும் அவள் கடிதங்களை வேறு கண்ணால் படித்தாள். ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் படித்தவர், வாக்கியம் ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. 'தன்பாலீர்ப்பாளர்களாகிய சகோதர சகோதரிகளை நாங்கள் மனமார மதிக்கிறோம்' என்று ஆரம்பித்து, அவர்களைப் பள்ளியில் ஆசிரியராக வைக்கக்கூடாது, குடும்பங்கள் இருக்கிற கட்டடத்தில் வாடகைக்கு வீடு கொடுக்கக்கூடாது, மற்றபடி எங்களுக்கு யார்மீதும் வெறுப்பில்லை என்று முடித்திருந்தார். பட்டியலை வைத்து ஒத்துப்பார்த்தாள். ஒரு சொல்லிலும் குறையில்லை. ஒற்றுகூட எல்லாம் சரியாக இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறக்காமலே பக்கத்துக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள் குடிக்காமல் திரும்பி வந்தாள்.

இன்னொன்று 'வரவேற்கிறோம்' பக்கத்துக்கு. இதை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் மூளை அழுகியவர்கள், மனித இனத்துக்கே இழுக்கு என்று எழுதியிருந்தது. அவளுடைய அண்ணன் எதிர்க்கிறவன்தான். அவளுக்கோ மகனுக்கோ ஒன்றென்றால் நாலு மணிக்கு எழுந்து ஓடிவருகிறவனும் அவன்தான். அவன் மூளை அழுகியதா? போன மாதம்வரை தலையாட்டிக்கொண்டிருந்த அவளுடைய மூளை? கட்டம் எட்டிப்பார்த்து, "இடப்பக்கம் ரெண்டு வரி கூடுதுக்கா, எதையாச்சும் வெட்டுங்க" என்றார். மூளையை வெட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை. கடிதப் பக்கம் பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிட வேண்டும். ஒரு மணிக்குக் கடைசிக் கட்டுக் கடிதங்கள் தட்டச்சாகி வந்தன. வலப்பக்கத்துக்கு ஒரு கடிதம் குறைகிறது, இதைப் பாருங்கள் என்று பொறுப்பாசிரியை ஒரு தாளை நீட்டினாள்.

'ஐயா, எனக்கு ஒரேப் பையன். என்னுடையப் பையனுக்கு இந்த நோய் இருப்பது எனக்குத் தெரிந்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இது நோய் என்றால் எங்கள் கடையில் மருந்து இல்லை. நோய் இல்லை என்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? சட்டம் வருவதுப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. போன முறை அவன் வீட்டுக்கு வந்தப் போது என் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் வரவில்லை. இனி வந்தால், கூட ஒருவனும் வந்தால், எங்கே உட்கார வைப்பது, எந்த அறையில் படுக்க வைப்பது, பக்கத்து வீட்டில் யாரென்று சொல்வது? வீட்டில் கேட்க முடியவில்லை. அவன் தாய் தாங்கமாட்டாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் நல்லது. இப்படிக்கு, குழம்பியத் தகப்பன்.'

பழக்க தோஷம், பேனா முதல் வரியிலேயே இறங்கி 'ஒரேப்' என்பதில் இருந்த ப் மீது வட்டம் போட்டது. 'என்னுடையப்' என்பதில் போட்டது. 'தெரிந்துப்' என்பதில் போட்டது. நாலாவது வட்டத்தைப் போடப்போன கை நின்றது. ஆறு இடத்தில் தேவையில்லாத ஒற்று. உலகத்திலேயே ஒற்று விட்டுப்போவதற்கு இவ்வளவு பயப்படுகிற ஆள் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஆள் பயப்படுவது அவளுக்குத்தான்.

"மூலக் கடிதத்தக் குடுங்க" என்றாள். வந்த தாள், மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தரும் காகித உறையைக் கிழித்து விரித்தது. அவர் கையெழுத்து.

"எதிர்ப்புத்தானக்கா?" என்றாள் பொறுப்பாசிரியை. "நோய்னு ரெண்டு மூணு எடத்துல இருக்கு, அத மட்டும் பட்டியல்படி மாத்திட்டு வலப்பக்கம் போட்டுடலாம்."

"எதிர்ப்பா இது?"

"சொல்லப் பாத்தா அப்படித்தான இருக்கு?"

"சொல்லப் பாத்தா அப்படித்தான் இருக்கு" என்றாள் ஒற்றக்கா. "ஆனா அவரு கேக்குறது படுக்க எங்க விரிக்கிறதுன்னு. எதிர்க்குறவன் படுக்க விரிக்க எடம் தேடுவானா?"

"அப்ப இடப்பக்கம் போடலாமா?"

"வரவேற்கிறோம்னா? சோறு எறங்கலன்னு எழுதியிருக்காரே."

கட்டம் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "எந்தப் பக்கம்னு சீக்கிரம் சொல்லுங்க, எட்டு வரி காலியா கெடக்குது."

ஒற்றக்கா கடிதத்தை மடித்தாள். "எந்தப் பக்கமும் இல்ல. இது பத்திரிகைக்கு வந்த கடிதம் இல்ல."

"வேற யாருக்கு வந்தது?"

"எனக்கு."

பொறுப்பாசிரியை அவள் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பட்டியல் போட்டவள்தான் என்றாலும் மனுஷி, சட்டென்று புரிந்துகொண்டாள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள். எட்டு வரியில் கொசுவலை விளம்பரம் போட்டார்கள்.

மருந்துக்கடைக்கு அவள் வேலை நேரத்தில் போனதே இல்லை. அவளைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையை மேசையில் போட்டார். இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா நடுவே நின்றிருந்தாள். "ஒரு நாளைக்கு மூணு தடவ, சாப்பிட்ட பிறகு" என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

"எப்படித் தெரியும் ஒங்களுக்கு?" என்றாள்.

மறைக்க முயற்சி செய்யவில்லை. "அந்தக் கண்ணாடிக்கடைப் பையனுக்குக் காய்ச்சல் வந்துச்சு, போன வருஷம். இவன் எனக்கு போன் பண்ணி என்ன மாத்திர குடுக்கட்டும்னு கேட்டான். கேட்ட விதம்..." நிறுத்தினார். "முப்பது வருஷமா இந்த மேசைக்குப் பின்னால நிக்கிறேன். மருந்து கேக்குற கொரல வெச்சே யாருக்குக் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுடும். கூட வேல செய்றவனுக்குக் கேக்குறது ஒரு கொரல். அண்ணன் தம்பிக்குக் கேக்குறது ஒரு கொரல். பொண்டாட்டிக்குக் கேக்குறவன் மூணு தடவ அளவு கேப்பான், எழுதி வெச்சதுக்கு அப்புறமும் கேப்பான். இவன் நாலு தடவ கேட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் தெனமும் வந்து காலம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியே."

அவர் செய்தி கேட்கிற மும்முரத்தில் பதில் சொல்லாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாளே, இத்தனை நாளாக. வெட்கமாக இருந்தது. பிள்ளையிடமும் எத்தனை தடவை தொலைபேசியில் அதையே சொல்லிச் சிரித்திருப்பாள் என்று நினைத்தபோது, உட்கார ஒரு முக்காலி கிடைக்காதா என்று இருந்தது.

"எங்கிட்டயும் சொல்லிட்டான்" என்றாள். "ரெண்டு வாரமாச்சு. நானும் ஒங்ககிட்ட சொல்ல முடியாம அல்லாடிக்கிட்டு இருக்கேன்."

"அன்னிக்குக் காலைல ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுச்சு. அதான் ஓடிட்டேன்."

"பத்திரிகைக்குப் போய் எழுதுவாங்களா இத?"

"நீதான அந்தப் பக்கத்தப் பாக்குறவ. வேற யாருக்கு எழுதுவேன்?" என்றார். பிறகு, பரீட்சைத்தாள் வாங்குகிறவர் மாதிரி, "ரொம்பப் பிழையா?" என்று கேட்டார்.

"ஆறு."

"கொறைச்சலா, அதிகமா?"

"எல்லாம் அதிகம்தான்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தா பாரு, எனக்கு இது சரின்னு படல. இப்பவும் படல. படுதுன்னு பொய் சொல்லச் சொல்லாத. ஆனா அவன் வராம இருக்குறது அதவிடச் சரியில்லாம இருக்கு. ரெண்டும் ஒண்ணா எப்படி இருக்கும்னு எனக்குப் புரியல."

"எனக்கும் புரியல" என்றாள் அவள். இருபத்தேழு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன விஷயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இதுவும் ஒன்று.

வாங்க என்று மகனுக்கு அன்றே செய்தி அனுப்பினாள். 'அப்பாவுக்குத் தெரியும்' என்று எழுதி, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல், 'மழை வரும் போல, குடை எடுத்துக்கொள்' என்று முடித்தாள். அவனிடமிருந்து பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. 'சரிம்மா' என்று வந்தது.

சனிக்கிழமை முழுவதும் அவர் ஒரு மெத்தையோடு மல்லுக்கட்டினார். மகன் அறையில் ஒற்றைக் கட்டில். பக்கத்தில் தரையில் இன்னொரு மெத்தையைப் போட்டார். போட்டுவிட்டு நின்று பார்த்து, சுருட்டிக்கொண்டுபோய்க் கூடத்தில் போட்டார். அரைமணி கழித்து மறுபடி அறைக்கே கொண்டுவந்தார். மூன்றாவது தடவை அறைவாசலில் மெத்தையைத் தோளில் போட்டபடி நின்றவரைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சுவத்துல சாச்சு வைங்க. எங்க வேணுமோ அவங்களே போட்டுக்கட்டும்."

சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த குழப்பம் ஆரம்பித்தது. "வந்ததும் அந்தப் பையன என்னன்னு கூப்பிடுறது? வாங்கன்னா விருந்தாளியக் கூப்பிடுற மாதிரி இருக்கு. வாங்கன்னு சொல்லி உக்கார வெச்சா, எப்படா எந்திரிச்சுப் போவான்னு அர்த்தம் ஆயிடும்."

"வான்னு கூப்பிடுங்க."

"முன்னப்பின்ன பாக்காதவன வான்னா, எளக்காரமா நெனச்சுட்டான்னா? ஏற்கெனவே என் மொகம் ஒருத்தன வெரட்டியிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளன்னா வாங்க. மருமகன்னா வாங்க. மருமகள்னா வாம்மா. இவனுக்கு எது?" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"உனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இலக்கணத்தில் இல்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பட்டியலிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது, அது எப்போதும் திறக்கிற ஜன்னல்தான். மகன் முதலில் இறங்கினான். இளைத்திருந்தான். பின்னால் அந்தப் பையன், ஒரு கையில் பை, ஒரு கையில் பழக்கூடை, விரல்களில் கண்ணாடி கீறிய பழைய தழும்புகள். மகன் படியேறி வந்து நின்றான். பையன் கீழேயே, தெருக்கதவுக்கு வெளியே, யாராவது ஏதாவது சொன்னால் திரும்பிப் போய்விடுவதற்கு வசதியான தூரத்தில் நின்றான். ஆட்டோக்காரரை இன்னும் அனுப்பவில்லை.

அவர் கதவைத் திறந்தவர், கதவைப் பிடித்தபடியே நின்றார். மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். ஒற்றக்கா தானே ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அன்று அலுவலகப் படிக்கட்டில் தொலைபேசியோடு நின்றபோது எப்படி வராமல் போனதோ அப்படியே இப்போதும் வரவில்லை. ஆட்டோவின் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பையன் பழக்கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான், போகிறவன் மாதிரி.

"வாங்கடா" என்றார் அவர்.

எரிச்சலாகத்தான் வந்தது குரல், பள்ளிக்கூடம் விட்டு நேரம் கழித்து வருகிற பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் அதை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். அது ஒருவனை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத சொல். இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

மகன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று கேட்கிறவன் மாதிரி. அவள் தலையாட்டினாள். கீழே நின்ற பையன் ஆட்டோக்காரரிடம் "நீங்க போங்கண்ணே" என்றான்.